செம்பனையை நடச் சொல்பவர்கள் முதலில் ஆலையைக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களக்காடு பக்கம் மூன்றரை ஏக்கர் வைத்து விவசாயம் பார்ப்பவன். வயது 64. நாற்பது வருடமாக வாழைதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. நடுவில் இரண்டு ஏக்கரில் செம்பனை, அதாவது பாமாயில் மரம் நட்டேன். ஒரு ஏக்கரைத் தோண்டி எடுத்துவிட்டேன். மிச்சம் ஒரு ஏக்கர் இன்னும் நிற்கிறது.

போன வாரம் உரம் விஷயமாக வேளாண் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பாமாயில் மரம் நட விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், கன்றுக்கும் சொட்டுநீருக்கும் மானியம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரரின் மகன், வளைகுடாவில் எட்டு வருடம் உழைத்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பிய பையன், என்னைப் பார்த்ததும் கேட்டான். "பெரியப்பா, இந்த ஊர்ல இத நட்டவங்க நீங்கதான். நட்டா நல்லா இருக்குமா?"

நின்ற இடத்தில் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நடு என்றும் வாய் வரவில்லை, நடாதே என்றும் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டம் போடுகிறவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

பாமாயிலே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். எங்கள் வீட்டில் அப்பளம் பொரிவது ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் பாக்கெட்டில்தான். நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. அதில் முதலிடம் இந்தோனேசியா, மலேசியா நாடுகளில் இருந்து வரும் பாமாயிலுக்கு. நன்றாகக் காய்க்கிற தோட்டம் ஹெக்டேருக்கு 4 டன் வரைக்கும் எண்ணெய் கொடுக்கும். கடலையும் எள்ளும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. அதனால் 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை என்கிற இந்த மரத்துக்கு என்று ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்ததில் எனக்குக் குறை இல்லை. 2025-26க்குள் புதிதாக 6.5 லட்சம் ஹெக்டேர் நட்டு, மொத்தத்தை 10 லட்சம் ஹெக்டேர் ஆக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எண்ணெய் உற்பத்திக்கும் ஒரு இலக்கு உண்டு. ஆனால் எங்கள் ஊர் வரைக்கும் இறங்கி வருவது ஏக்கர் கணக்கு மட்டும்தான். கீழே இருக்கிற அலுவலர் கன்று நட்ட பரப்பை எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அது. கன்று மரமாகி, மரம் காய்த்து, குலை ஆலைக்குப் போய், பணம் விவசாயி கைக்கு வரும் வரைக்கும் கணக்கு வைப்பது யார்?

மலேசியாவில் இருக்கும் நம் ஆட்கள் இந்த மரத்தைச் செம்பனை என்பார்கள். என் பெரியப்பா தோட்ட வேலைக்கு மலேயா போனவர். அவர் பேரன்மார் இன்றைக்கும் பேராக் மாநிலத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் இருந்துதான் அந்தப் பெயரைக் கேட்டேன். எனக்கு அது பிடித்துப்போனது. குலை பழுத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குலையில் ஆயிரம் பழத்துக்கு மேல் நெருக்கி அடித்துக்கொண்டு, நுனி கறுத்து, அடி செக்கச்செவேல் என்று இருக்கும். நகத்தால் கீறினால் மஞ்சளாக எண்ணெய் விரலில் ஒட்டும். நாலைந்து பழம் தானாகத் தரையில் உதிர்ந்து கிடந்தால் அந்தக் குலை வெட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் இதை நட்டதற்குக் காரணம் காற்று. 2011 ஆனி மாதம், குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழை ஒரே ராத்திரியில் சரிந்தது. இரண்டு ஏக்கரில் நிமிர்ந்து நின்றது நூறு மரம்கூட இருக்காது. முட்டுக் கொடுத்த கம்பும் சேர்ந்து முறிந்து கிடந்தது. கூட்டுறவு சங்கத்துக் கடன் அப்படியே நின்றது. அந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். காற்றுக்குச் சாயாத மரம், மூணு வருஷம் பொறுத்தால் போதும், அப்புறம் முப்பது வருஷத்துக்கு மாசச் சம்பளம் மாதிரி என்றார். 2012 கார்த்திகையில் நட்டேன். முக்கோணமாக, கன்றுக்குக் கன்று 9 மீட்டர், ஏக்கருக்கு 57. இரண்டு ஏக்கருக்கு 114 கன்று.

முதல் மூன்று வருடம் கஷ்டம் இல்லை. இடையில் உளுந்து போட்டேன், பாசிப்பயறு போட்டேன், ஓரமாகக் கொஞ்சம் வாழையும் வைத்தேன். இளம் பூக்களைக் கிள்ளிவிட்டால்தான் மரம் திரளும் என்றார்கள், கிள்ளினேன். 2016 ஆடியில் முதல் குலை வெட்டினோம். என் மனைவி அதைக் கடகப்பெட்டியில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கி, சூடம் காட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தப் பழத்துக்குப் பொறுமை கிடையாது. நெல்லை அளந்து பத்தாயத்தில் போடலாம், தேங்காயைக் கூடையடியில் ஆறு மாதம் போட்டு வைக்கலாம். செம்பனைக் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய் நீராவியில் வெந்துவிட வேண்டும். அதுவரைக்கும் பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயை அமிலமாக உடைத்துக்கொண்டே இருக்கும். அடிபட்ட பழம் என்றால் இன்னும் வேகம். எங்கள் பகுதியில் ஆலை இல்லை. கம்பெனி வண்டி பத்து நாளைக்கு ஒரு தரம் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்பது பேச்சு. முதல் வருடம் வந்தது. அப்புறம் பதினைந்து நாள் ஆனது, இருபது நாள் ஆனது. லோடு சேரவில்லை, வண்டி வாடகை கட்டவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்.

2018 வைகாசியில் ஒரு நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நாளைக்குக் கண்டிப்பாக வண்டி வரும் என்று போனில் சொன்னதை நம்பி, அறுபது குலைக்கு மேல் வெட்டி ரோட்டோரப் புளியமரத்தடியில் குவித்தோம். வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் மட்டையைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்தோம். ஐந்தாவது நாள் பக்கத்தில் போக முடியவில்லை. புளித்த வாடை, ஈ, குவியலுக்கு அடியில் எலி. உதிர்ந்த பழத்தை எல்லாம் என் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டினாள். குலையில் இருக்கும் முள் குத்தி அவள் பெருவிரல் வீங்கிப்போனது. ஏழாவது நாள் வந்த வண்டிக்காரர் பாதிக் குலையைத் தள்ளிவிட்டார். எடைச் சீட்டில் கழிவு போக நின்ற தொகை வெட்டுக்கூலிக்குக்கூட வரவில்லை. வேறு யாருக்காவது விற்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. எங்கள் பகுதி அந்தக் கம்பெனிக்கு ஒதுக்கியது. வாங்குகிறவர் ஒரே ஆள். அவரும் வராவிட்டால் குலையை உரக்குழியில்தான் போட வேண்டும்.

அதற்கு அடுத்த மாதம் நாங்கள் மூன்று பேர் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு தாண்டிக் குளத்துப்புழைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். 1977-ல் தொடங்கி, கேரள அரசும் மத்திய அரசும் கூட்டாக நடத்துகிற ஆயில் பாம் இந்தியா நிறுவனத்துக்குக் குளத்துப்புழை, ஏரூர், சிதறா என்று அங்கே மூன்று தோட்டங்கள் இருக்கின்றன. ஆலையும் அங்கேயே. காலையில் வெட்டின குலை மத்தியானத்துக்குள் ஆலைக்குப் போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் மாவட்டத்துச் சராசரி 800 மில்லிமீட்டர் அளவில்தான். மரம் ஒன்றுதான், கன்றும் ஒன்றுதான். கூப்பிடு தூரத்தில் ஆலையும் தலைக்கு மேல் மழையும் அவர்களுக்கு இருக்கின்றன. திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் பேச்சே வரவில்லை.

மழை என்றதும் சொல்கிறேன். கோடையில் ஒரு செம்பனைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும், மரம் பெரிதானால் அதற்கு மேலும் கேட்கும். என் 114 மரத்துக்கு 22,800 லிட்டர். பெரிய டேங்கர் லாரியில் இரண்டு லோடு, தினமும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது யாருக்கும் மறந்திருக்காது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி என்று அறிவித்தார்கள். அந்தக் கோடையில் என் கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்றைத்தான் இழுத்தது. மரம் சாகவில்லை. பரவாயில்லை, தாங்கிக்கொண்டது என்று நினைத்தேன். ஆனால் இந்த மரம் பட்ட தாகத்தை உடனே காட்டாது. பூ ஆணா பெண்ணா என்று தண்டுக்குள் முடிவாவது, அது வெளியே விரிவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால். தண்ணீர் இல்லாமல் வாடிய காலத்தில் உருவானதெல்லாம் ஆண் பூவாகத்தான் வரும், குலை கட்டாது. 2019 தொடக்கத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தாலே சோம்பு வாசனை. அது ஆண் பூவின் வாசனை. அதைத் தேடி வருகிற சின்னக் கூன்வண்டுதான் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு போகும். கேமரூன் நாட்டு வண்டு, 1985-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வருடம் வண்டுக்குக் குறைவில்லை, போய் உட்காரப் பெண் பூதான் இல்லை. நான்கு மாதம் ஒரு குலைகூட வெட்டவில்லை.

இதை எனக்கு நடும்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு ஏக்கர் நட்டிருக்க மாட்டேன். கிணற்றை அளந்து அரை ஏக்கர் நட்டிருப்பேன். ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான். மண் பரிசோதனை செய்கிற மாதிரி, கன்று கொடுக்கும் முன்னால் சித்திரை வைகாசியில் கிணற்றுத் தண்ணீரை அளந்து பாருங்கள். புரட்டாசியில் வந்து பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கோடையில் எத்தனை லிட்டர் ஊறுகிறதோ அத்தனை மரத்துக்கு மட்டும் மானியம் கொடுங்கள். போர் போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒருவன் 600 அடிக்கு இறக்கினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும், அடுத்த வருடம் அவனும் இறக்குவான்.

2019 ஆவணியில் ஒரு ஏக்கரை ஜேசிபி வைத்து எடுத்தேன். ஏழு வயது மரம் 57. எடுத்த தடியை விறகுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. நட்டதற்கு மானியம் இருந்தது, எடுத்ததற்கு என் கைக்காசு. கிழட்டுத் தோட்டத்தைப் புதுப்பிக்க மரத்துக்கு 250 ரூபாய் கொடுக்க இப்போதைய திட்டத்தில் இடம் இருக்கிறது, நல்லது. தவறான இடத்தில் நடச் சொல்லி, தண்ணீர் இல்லாமல் வெளியேறுகிற விவசாயிக்கும் அதே மாதிரி ஒரு வழி வேண்டும்.

எல்லாவற்றையும் எடுக்காமல் ஏன் ஒரு ஏக்கரை விட்டேன் என்று கேட்கலாம். பாதி மரத்துக்கு என் கிணறு போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். வெட்டின மட்டையை வரிசைக்கு நடுவில் போட்டே வந்ததில் மண் ஈரம் காத்தது. 2020-க்கு மேல் பெண் பூ வந்தது. 2022-ல் விலையும் ஏறியது. அந்த விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே விலை ஏறியது, எனக்குக் கொஞ்சம் காசு வந்தது. அதே நேரம் அங்கே இருக்கிற சின்ன விவசாயிகளின் குலையை ஆலைகள் வாங்கவில்லை, விலை விழுந்து அவர்கள் ஜகார்த்தா தெருவில் இறங்கினார்கள். மே 23-ல் தடையை எடுத்தார்கள். டிவியில் அதைப் பார்த்தபோது எனக்கு என் புளியமரத்தடிக் குவியல்தான் ஞாபகம் வந்தது. இலங்கையில் 2021-ல் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனார்கள்: பாமாயில் இறக்குமதிக்குத் தடை, புதிதாக நடவும் தடை, இருக்கிற மரத்தையும் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்காகப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. ஒரு அரசு நடு என்கிறது, ஒரு அரசு பிடுங்கு என்கிறது. மரத்துக்கு ஆயுள் 25 முதல் 30 வருடம். அரசுகளின் பேச்சுக்கு அந்த ஆயுள் இருப்பதில்லை.

நம் நாட்டிலும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு இறக்குமதி வரி 20 சதவீதம் போட்டார்கள். எங்களுக்கு நிம்மதி. 2025 மே கடைசியில் அதையே 10 சதவீதமாகக் குறைத்தார்கள். கடையில் எண்ணெய் வாங்குகிற ஏழைக்கு விலை குறைய வேண்டும்தான், நானும் வாங்குகிறவன்தானே. ஆனால் ஒன்பது மாதத்தில் மாறுகிற வரியை நம்பி முப்பது வருட மரத்தை எப்படி நடுவது? இதற்காகத்தான் ஈட்டு விலை என்று ஒரு ஏற்பாடு திட்டத்தில் இருக்கிறது என்பார்கள். ஐந்து வருடச் சராசரிக் கச்சா பாமாயில் விலையை மொத்த விலைக் குறியீட்டோடு சரிப்படுத்தி, அதில் 14.3 சதவீதம் குலைக்கு. அதாவது அந்தக் கணக்கில் எண்ணெய் டன் ஒரு லட்சம் ரூபாய் என்று வந்தால் குலை டன்னுக்கு 14,300 ரூபாய். சந்தை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். நல்ல ஏற்பாடு. மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது: 2037 நவம்பர் 1. அந்தப் பையன் 2026-ல் நட்டால் 2030-ல்தான் காய்ப்பு. ஏழு வருடம் காவல். அப்புறம் பதினைந்து வருடத்துக்கு மேல் அவன் தனி. கன்று நடுகிற வருடத்தில் இருந்து 25 வருடத்துக்கு ஈட்டு விலை உண்டு என்று அவன் கையில் ஒரு காகிதம் கொடுத்தால், நானே பக்கத்தில் நின்று குழி வெட்டிக் கொடுப்பேன்.

தேதி போட்ட ஒப்பந்தம் முடிகிற அன்றைக்கு என்ன ஆகும் என்பதை நாங்கள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு 8,373 ஏக்கர் மலைக்காட்டை வாங்கித் தேயிலை போட்டார்கள். குத்தகை முடிவது 2028. அதற்கு முன்னாலேயே, 2024-ல், தொழிலாளர்களை விருப்ப ஓய்வு எழுதி வாங்கி இறக்கிவிட்டார்கள். நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கீழே வீடு தேடி அலைந்தார்கள். அதே தோட்டத்துத் தொழிலாளர்களின் கூலிக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் செத்தவர்கள் 17 பேர். தோட்டப்பயிர் என்று அரசு எழுதும்போது மரத்துக்குக் கன்றுக் கணக்கு இருக்கிறது, குலை வெட்டுகிறவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்காது. என் மரம் இப்போது உயரம். நீளக் கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து வெட்ட வேண்டும். 20 கிலோ குலை தலைக்கு நேரே விழும். தலைக்கவசம் இல்லாமல்தான் அந்தத் தம்பிகள் வெட்டுகிறார்கள். நான் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். மானியப் பட்டியலில் கருவிகளோடு தலைக்கவசத்தையும், வெட்டுகிறவர்களுக்கு விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துவிடுங்கள்.

எங்கே நடக்கூடாது என்பதையும் அரசு தைரியமாக எழுத வேண்டும். மலையடிவாரம் வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பட்டாக்களில் ஏற்கெனவே பன்றி வாழையை உழுதுவிட்டுப் போகிறது. செம்பனை இளங்கன்றின் குருத்தையும் அது விடாது. அப்புறம் மின்வேலி வரும், மின்வேலியில் யானை விழும், வழக்கு வரும். குளத்துப் பாசன நஞ்சை வேண்டாம். பச்சையாற்றுத் தண்ணீரிலும் தாமிரபரணிக் கால்வாய்களிலும் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல் விளைகிற வயலில் முப்பது வருட மரத்தை நட்டால், மடையில் அதற்கு வருடம் முழுவதும் தண்ணீர் விட வேண்டும். கடைமடைக்காரன் எங்கே போவான்? வரப்பில் நிற்கிற நம்முடைய பனையை எடுத்துவிட்டு இந்தப் பனையை வைப்பதும் வேண்டவே வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் என் மேற்கு வரப்பில் இருந்த பதினோரு பனையையும் எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்றார்கள். குழாயைத்தான் வளைத்துப் போடச் சொன்னேன். எங்கள் தாத்தா போட்ட விதை அது. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டதில்லை. 2021-ல் மாநில அரசே ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது, இப்போது மனசு தைரியமாக இருக்கிறது.

இந்தோனேசியாவில் காட்டையும் கரிச்சதுப்பு என்கிற ஈர நிலத்தையும் அழித்து நட்டதால் 2015-ல் எரிந்த புகை சிங்கப்பூர் வரைக்கும் மூச்சை அடைத்தது. அந்தப் பழி இந்த மரத்தின் மேல் இன்னும் இருக்கிறது. மரம் பாவம், இடம் பார்க்காமல் நட்டவர்கள் செய்தது. நம் நாட்டில் இப்போதுதான் பெரிதாகத் தொடங்குகிறோம். ஆரம்பத்திலேயே வரப்புக் கட்டிவிடலாம்.

ஆலை விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், என் மனசு சுற்றிச் சுற்றி அங்கேதான் நிற்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலும் அந்தமானிலும் மணிக்கு 5 டன் அரைக்கிற ஆலை போட 5 கோடி ரூபாய் உதவி என்று திட்டத்தில் இருக்கிறது. தூரம், மலை, போக்குவரத்து என்று அங்கே என்ன காரணம் சொல்கிறார்களோ அந்தத் தூரம் எங்களுக்கும் உண்டு. தென்மாவட்டத்துக்கு என்று ஒரு சின்ன ஆலை வேண்டும். ஆலை போடும் அளவுக்குத் தோட்டம் இல்லை, தோட்டம் நடும் அளவுக்கு ஆலை இல்லை என்று இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது அரசு. ஆந்திராவில் 1993-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டு, இந்த மண்டலம் இந்த ஆலைக்கு என்று பிரித்தார்கள். பிரிப்பது தப்பில்லை. ஒதுக்கீடு வாங்கின ஆலை குறித்த நாளில் வண்டி அனுப்பாவிட்டால் தினமும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், ஒரு பருவம் முழுக்கத் தவறினால் ஒதுக்கீடு போய்விட வேண்டும் என்று அந்தப் பிரிவினையிலேயே எழுதுங்கள். எடை எங்கள் கண் முன்னால் நடக்கட்டும். ஆலை வருமானால் அதன் கழிவு நீர் எந்தக் குளத்திலும் கலக்காமல், அதில் வருகிற மீத்தேனைப் பிடித்து எரிக்கிற ஏற்பாட்டோடு வரட்டும். பழம் உதிர்த்த வெற்றுக் குலை எங்களுக்கே திரும்பி வரட்டும், நல்ல மூடாக்கு அது.

இப்போது சுற்று வட்டாரத்தில் நட்ட நாங்கள் ஆறு பேர் சேர்ந்துதான் காலம் தள்ளுகிறோம். ஆறு தோட்டத்திலும் ஒரே நாளில் வெட்டி, நாங்களே வாடகை வண்டி பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆலைக்கு அனுப்புகிறோம். வண்டி வாடகைக்கே குலைப் பணத்தில் ஒரு பங்கு போகிறது. இந்த வாடகைக்கு உதவி செய்தாலே இன்னும் பத்துப் பேர் மரத்தை வெட்டாமல் வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு ஏக்கர் நடுவதைவிட இருக்கிற ஏக்கரைக் காப்பாற்றச் செலவு குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிகாரிகளுக்கே தெரியும்.

அந்தப் பையனிடம் நேற்று சாயங்காலம் பேசினேன். அவசரப்பட்டுப் பெயர் கொடுக்காதே, வருகிற திங்கட்கிழமை நானும் கூட வருகிறேன் என்றேன். வண்டி எத்தனை நாளுக்கு ஒரு தரம் வரும், வராவிட்டால் யார் பொறுப்பு, 2037-க்கு மேல் என்ன விலை, என் கிணற்றை யார் அளப்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் முடிவு செய் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். ராத்திரி மறுபடி வந்து, அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்க பெரியப்பா என்று வாங்கிக்கொண்டு போனான்.

எங்களுக்கு நாளைக் காலையில் வெட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
களக்காடு வட்டாரத்து விவசாயி

(என் பெயரையும் ஊரையும் தங்கள் பார்வைக்குத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)